கணைக்கால் எலும்பில் வலியோடு போட்டிப் பருவத்தை எதிர்கொள்வது: இளம் ஓட்டக்காரர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் ஓட்டப் பயிற்சி சூடு பிடித்துவிடுகிறது. முதலில் குறுவட்டப் போட்டி, அதில் இடம் பிடித்தவர்களுக்கு வருவாய் மாவட்டப் போட்டி, அதையும் தாண்டியவர்களுக்கு மாநிலப் போட்டி என்று படிப்படியாக அமைந்த பருவம் அது. கோடை விடுமுறை முழுவதும் மைதானத்துப் பக்கம் எட்டிப்பார்க்காத பிள்ளைகள், இன்னும் ஐந்தாறு வாரம்தான் இருக்கிறது என்ற பதற்றத்தில், முதல் வாரத்திலேயே காலையும் மாலையும் ஓடத் தொடங்குகிறார்கள். மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் அவர்களில் ஒருவர் பாதிச் சுற்றில் நின்று, குனிந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பதினொன்றாம் வகுப்பில் 1500 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அப்படிக் குனிந்து நின்றவர்களில் நானும் ஒருவன். மழையில் மைதானம் சேறாகிவிட்டதால் இரண்டு வாரம் தார்ச்சாலையில் ஓடினோம். வலியை யாரிடமும் சொல்லாமல், இரவில் தைலம் தேய்த்துக்கொண்டு, குறுவட்டப் போட்டியில் ஓடி இரண்டாம் இடம் பெற்றேன். மாவட்டப் போட்டியில் மூன்றாவது சுற்றின் வளைவில் இடது காலை ஊன்ற முடியாமல் ஓடுதளத்தின் உள்பக்கப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு மூன்றரை மாதம் ஓடவில்லை. வலி தொடங்கிய அன்றே நிறுத்தியிருந்தால் குறுவட்டம் மட்டும்தான் போயிருக்கும், அல்லது அதுவும்கூடப் போயிருக்காது.

அன்று நான் செய்த தவறையே இன்று நான் உதவிக்குப் போகும் மைதானத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். போட்டித் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நாள் எண்ணி, அதற்குள் கால் சரியாகிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொள்கிறார்கள். கணக்கைக் காலிலிருந்து தொடங்கி முன்னோக்கிப் போட வேண்டும். அதை எப்படிப் போடுவது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். 13 முதல் 18 வயதுவரை உள்ள, 800 மீட்டரும் அதற்கு மேலும் ஓடுகிற பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது.

வலி ஏன் சரியாக இந்த நேரத்தில் வருகிறது

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி கணைக்கால். அதன் முன்பக்கத்தில் தோலுக்கு அடியிலேயே கையில் தட்டுப்படுவது கணைக்காலின் பெரிய எலும்பு. ஓட்டத்தின் அதிர்வு கூடும்போது எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ள முயல்கிறது. ஆனால் பழைய பகுதியை முதலில் அரித்தெடுத்துவிட்டுத்தான் அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. அரித்தெடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டி இறுகும் வேலைக்கு மாதங்கள் ஆகும். சுவரைப் பெயர்த்துவிட்டுப் புதுச் சுவர் எழும்பும் முன்பே மேல்தளம் போட்டால் என்ன ஆகுமோ, பயிற்சி தொடங்கிய மூன்றாவது நான்காவது வாரத்தில் ஓட்டத்தை மேலும் கூட்டும்போது அதுதான் ஆகிறது. வளரும் வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திடீரென்று உயரம் கூடும் ஆண்டில், எலும்பு நீளும் வேகத்துக்கு அதில் சுண்ணாம்புச் சத்து சேரும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. போன ஆண்டு வாங்கிய கால்சட்டை இந்த ஆண்டு கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்றால், அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் தேவை.

முதல் படி: கட்டைவிரலால் எலும்பைத் தடவிப் பாருங்கள்

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலின் கணுக்காலை மற்றக் காலின் தொடைமேல் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எலும்பின் உள்விளிம்பு, அதாவது கெண்டைச் சதை எலும்போடு சேருகிற கோடு, மேல்நோக்கித் தெரியும். கணுக்காலின் உள்பக்க முட்டிலிருந்து தொடங்கி, கட்டைவிரலால் மிதமாக அழுத்தியபடி, ஒவ்வொரு விரலகலமாக முழங்கால்வரை வாருங்கள். எங்கே வலி தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பேனாவால் இரண்டு கோடு போடுங்கள். பிறகு மற்றக் காலையும் இதேபோல் அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். இரண்டு கால்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

இரண்டு கோடுகளுக்கும் நடுவே 5 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது மூன்று விரல் அகலத்துக்கு மேல், வலி பரவலாக இருந்தால் அது பெரும்பாலும் ஓட்டக்காரர்கள் ‘ஷின் ஸ்ப்ளின்ட்’ என்று சொல்லும் எலும்புறை வலியாக இருக்கும். ஒரு ரூபாய் நாணயம் வைத்து மூடிவிடக்கூடிய ஓர் இடத்தில் மட்டும் சுருக்கென்று குத்தினால், எலும்பில் மெல்லிய கீறல் விழத் தொடங்கியிருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும். இதற்கு அழுத்த முறிவு, ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர்’ என்று பெயர்.

வலி வரும் நேரமும் செய்தி சொல்லும். வார்ம் அப் செய்யும்போது வலித்து, உடல் சூடானதும் குறைந்து, குளித்துவிட்டு உட்கார்ந்த பிறகு மறுபடி தலைகாட்டுவது முதல் வகையின் இயல்பு. ஓட ஓடக் கூடிக்கொண்டே போய், நடக்கும்போதும் விடாமல், கடைசியில் இரவுப் படுக்கையிலும் விண்விண்ணென்று தெறிப்பது இரண்டாம் வகையின் இயல்பு. முதல் வகையை அலட்சியம் செய்தவர்களில் சிலர் இரண்டாவதில் போய் முடிகிறார்கள். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வலிக்கிற காலில் ஒரே ஒரு முறை நொண்டியடித்துப் பார்க்கலாம். அந்த ஒரு குதியிலேயே முகம் சுளித்தால் சோதனை அத்துடன் முடிந்தது. ‘இன்னும் பத்து குதித்துப் பார்ப்போம்’ என்று வீரம் காட்ட வேண்டாம்.

சில வலிகளுக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஓடும்போது இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே கவட்டையில் வலித்தால் அது தொடையெலும்பின் கழுத்துப் பகுதியாக இருக்கலாம். அங்கே விழுந்த கீறல் முழுதாக முறிந்தால் அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் விடும். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை விட்டுவிட்டு முன்முகட்டின் நடுவில் வலிப்பது, பாதத்தின் மேல்மேட்டில் வலிப்பது, சுண்டுவிரல் பக்கத்து வெளிவிளிம்பின் நடுவில் வலிப்பது ஆகியவையும் ஆறத் தயங்கும் இடங்கள். ஸ்டார்ட் எடுக்கும்போது இடுப்பிலோ பிட்டத்தின் அடியிலோ ‘டப்’ என்று ஏதோ தெறித்ததுபோல் உணர்ந்த 14, 15 வயதுப் பிள்ளைக்கு, தசைப்பிடிப்பு என்று சொல்லி வீட்டிலேயே வைத்துவிடக் கூடாது. அந்த வயதில் தசையைவிட அது ஒட்டியிருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு பலவீனமானது. தசை அறுவதற்குப் பதில் எலும்பின் சிறு துண்டு பெயர்ந்து வந்திருக்கும்.

இரண்டாம் படி: முதல் வாரத்தில் செய்யக்கூடியதும் கூடாததும்

ஓட்டத்தை நிறுத்துங்கள். குறைத்து ஓடுவதும், மெதுவாக ஓடுவதும், வலியில்லாத பக்கம் சாய்ந்து ஓடுவதும் நிறுத்துவதில் சேராது. அதே நேரம் படுக்கையில் கிடக்கவும் வேண்டாம். வலியில்லாமல் நடக்க முடிகிறவரை நடக்கலாம், பள்ளிக்குப் போகலாம். நொண்டாமல் நடக்க முடியவில்லை என்றால் அதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி மரத்துப்போகும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டி காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் தம் கருத்தையே மாற்றிக்கொண்டார். தைலமும் வலி நிவாரணி ஸ்ப்ரேயும் தோலைச் சூடாக்கவோ குளிரவைக்கவோ செய்யும். எலும்புவரை அவை போவதில்லை.

நம் ஊரில் கால் வலி என்றதும் அடுத்து நடப்பது சுளுக்கு எடுப்பதுதான். எண்ணெய் தேய்த்துக் கெண்டைச் சதையை இதமாக நீவிவிடுவதில் கெடுதல் இல்லை. ஆனால் வலிக்கிற எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து ‘முடிச்சு இருக்கிறது, உடைக்கிறேன்’ என்று அழுத்தி வழித்தால், கீறல் விழுந்த எலும்பின்மேல் பாரத்தை ஏற்றியதாகிவிடும். என் பாட்டி அப்படித்தான் அன்போடு வழித்துவிட்டார். மறுநாள் வீங்கியது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லிவிடுங்கள். சதையில் தடவச் சொல்லுங்கள், எலும்பைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் எதைக் கொண்டுபோவது

நாணயம் அளவு இடத்தில் வலி இருந்தாலோ, ஓட்டத்தை நிறுத்திப் பத்து நாளாகியும் பரவலான வலி குறையாவிட்டாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனி மையங்கள் சென்னை போன்ற பெருநகரங்களில்தான் இருக்கின்றன. மாவட்டங்களில் உள்ளவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவும், அதை ஒட்டிய இயன்முறைச் சிகிச்சைப் பிரிவும் நல்ல தொடக்கம்.

போகும்போது ஒரு தாளில் கடந்த ஆறு வாரப் பயிற்சியை எழுதிக்கொண்டு போங்கள். வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை ரவுண்டு, எந்தத் தரையில், எப்போது ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த ஓட்டக் காலணி) அணியத் தொடங்கினீர்கள், எந்த நாளில் வலி தொடங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பெண் பிள்ளைகள் கடைசியாக மாதவிடாய் வந்த தேதியையும் எழுத வேண்டும். அது ஏன் என்பது பின்னால் வருகிறது. ‘கால் வலிக்குது டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் நெரிசலான புறநோயாளிப் பிரிவில் மாத்திரைச் சீட்டுடன் திரும்பி வருவீர்கள். ‘மூன்று வாரத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்கினேன், இந்த ஓர் இடத்தில் மட்டும் வலிக்கிறது, நொண்டியடிக்க முடியவில்லை’ என்று சொன்னால் அவர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

இங்கே பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அழுத்த முறிவு தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆறத் தொடங்கி, புதிய எலும்பு படிந்த பிறகுதான் அந்த இடம் வெள்ளையாகத் தெரிய வரும். அதனால் எக்ஸ்ரே ‘நார்மல்’ என்று வந்தால் ஓடலாம் என்று பொருளில்லை. எனக்கும் அப்படித்தான் ‘நார்மல்’ என்று வந்தது, நானும் ஓடப் போனேன். தொடக்கத்திலேயே காட்டிக்கொடுப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனை வளாகங்களில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் அதை எடுக்கலாம். எல்லோருக்கும் ஸ்கேன் தேவைப்படாது. செலவு கட்டுப்படியாகாவிட்டால், முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு ஓய்வெடுத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பதும் ஏற்கத்தக்க வழிதான். மேலே சொன்ன கவட்டை வலிக்கும் ஆறத் தயங்கும் மற்ற இடங்களுக்கும் மட்டும் இந்தச் சிக்கனம் ஆகாது.

எத்தனை நாள் ஆகும் என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. எலும்புறை வலி மட்டும் என்றால் இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். உள்விளிம்பில் விழுந்த அழுத்த முறிவு ஆறி, ஓட்டம் பழைய நிலைக்கு வர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும்.

நான்காம் படி: பயிற்சியாளரிடம் சொல்வது

பிள்ளைகள் மிகவும் பயப்படும் இடம் இதுதான். ஸ்கேனுக்குக்கூடத் தயங்காதவர்கள் பி.இ.டி. சாரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. குறுவட்டத்தில் ஓடாவிட்டால் அந்த ஆண்டு மாவட்டமும் இல்லை, மாநிலமும் இல்லை. உங்கள் இடத்தில் வேறொருவர் ஓடுவார். இருந்தாலும், பாதிச் சுற்றில் நின்றுபோகிற ஒருவரைப் பட்டியலில் வைத்திருப்பதில் பள்ளிக்கும் பயனில்லை என்பதை எந்த நல்ல ஆசிரியரும் அறிவார். வார்ம் அப் நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லாமல், பயிற்சி முடிந்து அவர் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள்.

“சார், பத்து நாளா இந்த எடத்துல மட்டும் வலிக்குது சார். அமுக்கிப் பாருங்க. டாக்டர் மூணு வாரம் ஓடக் கூடாதுன்னு சொல்லிருக்காரு. அதுவரைக்கும் சைக்கிளும் எக்சர்சைசும் பண்றேன் சார். என் பேரை எந்த மீட்டுக்குக் குடுக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்.”

இப்படிச் சொன்னால் நீங்கள் தப்பித்துப் போக வந்தவர் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும், முடிவெடுக்கும் பொறுப்பும் அவரோடு பகிர்ந்துகொள்ளப்படும். அவர் ‘சும்மா ஓடு, சரியாப் போகும்’ என்று சொன்னால், அடுத்த நாள் பெற்றோர் மருத்துவச் சீட்டோடு போய்ப் பேச வேண்டும். இந்த இடத்தில் பிள்ளையைத் தனியே விடக் கூடாது.

பிறகு எதை விடுவது, எதைக் காப்பாற்றுவது என்று உட்கார்ந்து பாருங்கள். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. தடகளச் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில் 14, 16, 18, 20 என்று பிரிவுகள் வேறாக இருக்கின்றன. அதனால் பள்ளிப் பருவம் கைவிட்டுப் போனாலும், மாவட்டத் தடகளச் சங்கத்தின் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று வேறு வாசல்கள் இருக்கலாம். பிறந்த தேதியை வைத்து அடுத்த ஆண்டும் இதே பிரிவில் ஓட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் இந்த ஆண்டுக் குறுவட்டத்தை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பில்லை. பிரிவின் கடைசி ஆண்டு என்றால் மனம் அலைபாய்வது இயல்புதான், ஆனாலும் எலும்பு ஆறும் காலம் அதற்காகக் குறைந்துவிடாது.

ஐந்தாம் படி: ஓடாமல் ஓட்டத்தைக் காப்பாற்றுவது

‘மூன்று வாரம் ஓடாவிட்டால் எல்லாம் போய்விடும்’ என்ற அச்சம் மிகையானது. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் 21 நாள் பயிற்சியே செய்யாமல் இருந்தபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 7 விழுக்காடு குறைந்தது. எதுவுமே செய்யாதவர்களுக்குத்தான் அந்த இழப்பு. மாற்றுப் பயிற்சி செய்பவர் அதிலும் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.

மிதிவண்டி எல்லோருக்கும் கிடைக்கும் கருவி. பெடல் கீழே போகும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீட்டு சைக்கிள்களில் சீட் மிகவும் தாழ்ந்துதான் இருக்கும். வலி இல்லை என்றால் வாரத்துக்கு மூன்று நாள் நாற்பது நிமிடம் சீராக மிதியுங்கள். இரண்டு நாள் ஓட்டப் பயிற்சியையே சைக்கிளுக்கு மாற்றிச் செய்யுங்கள்: 400 மீட்டரை 75 வினாடியில் எட்டு முறை ஓடுவது அன்றைய பாடமாக இருந்திருந்தால், 75 வினாடி முழு மூச்சில் மிதித்து, ஓட்டத்தில் எடுக்கும் அதே ஓய்வை எடுத்து, எட்டு முறை செய்யுங்கள். தூரத்தை மறந்துவிடுங்கள், மூச்சும் நேரமும் ஓட்டத்தில் இருந்ததுபோலவே இருக்கட்டும்.

இதைவிட ஓட்டத்துக்கு நெருக்கமானது ஆழ்நீர் ஓட்டம். கால் தரையில் படாத ஆழத்தில், இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, நிமிர்ந்த உடலோடு ஓடுவதுபோலவே கைகால்களை வீசுவதுதான் அது. எலும்பில் அதிர்வே விழாது. ஐந்து நிமிடத்தில் நாக்கு தள்ளிவிடும். நகராட்சி நீச்சல்குளம் இருக்கும் ஊர்க்காரர்களுக்குச் சிக்கலில்லை. கிராமத்துப் பிள்ளைகள் கிணற்றில் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நீச்சல் நன்றாகத் தெரிந்திருந்து, மிதவையும் கயிறும் கட்டி, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் படியில் நின்றால் மட்டுமே அதைச் செய்யலாம். தனியாக ஒருபோதும் கூடாது.

தசைப் பயிற்சியை இந்த வாரங்களில்தான் முறையாகச் செய்ய நேரம் கிடைக்கும். நிற்கும்போது வலி இல்லையென்றால் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதம் ஊன்றி நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று, முதலில் இரண்டு காலிலும், வலியில்லாவிட்டால் பிறகு ஒற்றைக் காலிலும். முழங்காலை நீட்டி ஒரு சுற்று செய்தால் மடக்கி ஒரு சுற்று செய்யுங்கள். மடக்கிச் செய்யும்போது வேலை செய்யும் உள்கெண்டைத் தசைதான் ஓட்டத்தில் கணைக்கால் எலும்பின்மேல் விழும் சுமையில் பெரும்பங்கைத் தாங்குகிறது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கும் வயிற்றுக்கும் உள்ள பயிற்சிகளை இயன்முறைச் சிகிச்சையாளர் சொல்லித் தருவார்.

மாலையில் மைதானத்துக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டாப் வாட்ச்சைக் கையில் வாங்கி, நண்பர்களுக்குச் சுற்றுவாரியாக டைமிங் எடுத்துக் கொடுங்கள். முதல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாகத்தான் இருக்கும். யார் முதல் 200 மீட்டரில் அவசரப்படுகிறார்கள், யாருக்கு மூன்றாவது சுற்றில் தோள் இறுகுகிறது என்பதெல்லாம் வெளியே நின்று பார்க்கும்போதுதான் கண்ணில் படும். வீட்டில் தனியாக உட்கார்ந்து அடுத்தவர் டைமிங்கைக் கேள்விப்படுவது அதைவிடக் கொடுமை. ஒரு மாதமாகியும் யாரோடும் பேச்சில்லை, சாப்பாடும் படிப்பும் பிடிக்கவில்லை என்றால் பெற்றோர் அதையும் ஒரு காயமாகவே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: தட்டும் தலையணையும்

காயம்பட்ட ஓட்டக்காரர்கள் செய்யும் இரண்டாவது பெரிய தவறு, எடை கூடிவிடும் என்று சோற்றைக் குறைப்பது. எலும்பு கட்டப்படும் நேரத்தில் சித்தாளுக்குக் கூலியைக் குறைப்பது போன்றது இது. காலை ஐந்து மணிக்கு ஒரு கப் டீயோடு ஓடிவிட்டு, அவசரமாக இரண்டு இட்லி சாப்பிட்டுப் பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகளின் உடல் மாதக் கணக்கில் கடனில் இருக்கிறது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உணவு கிடைக்காதபோது எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாம் பாதிக்கப்படுவதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் ஒரு தனிக் கோளாறாகவே பெயரிட்டு வெளியிட்டது. ஆண்களுக்கும் அது வரும்.

பெண் பிள்ளைகளிடம் அது வெளிப்படையாகத் தெரிகிற அடையாளம் மாதவிடாய் நின்றுபோவது. ஓடுகிற பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்று மைதானத்தில் சொல்லிக்கொள்வதை நம்ப வேண்டாம். மூன்று மாதம் வராமல் இருந்தாலோ, 15 வயது முடிந்தும் பூப்பெய்தாமல் இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும், ஏனென்றால் அந்த நிலையில் எலும்பு எத்தனை ஓய்வு கொடுத்தாலும் சரியாகப் பலப்படாது. அடுத்த கீறலும் வரும். அம்மாவிடமோ அக்காவிடமோ வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பவுடர் டப்பாக்களுக்குப் பணம் செலவழிக்கும் முன் அடுக்களையைப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகுக் கூழோ களியோ ஒரு வேளை, பால் அல்லது தயிர் இரண்டு வேளை, முட்டை, சுண்டல், நெத்திலிக் கருவாடு, பயிற்சி முடிந்த கையோடு ஒரு கடலை மிட்டாயும் வாழைப்பழமும் என்றால் பெரும்பாலோர்க்குப் போதும். வைட்டமின் டி குறைவு வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் சாதாரணம். அதற்கான ஊசியையோ மாத்திரையையோ ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் எடுங்கள்.

தூக்கக் கணக்கையும் நேர்மையாகப் போடுங்கள். டியூஷன் முடிந்து பத்தரைக்குப் படுத்து, நாலரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். இந்த வயதுக்குத் தேவை எட்டு முதல் பத்து மணி நேரம். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி விளையாட்டு வீரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. காலில் காயம் இருக்கும் வாரங்களில் அதிகாலைப் பயிற்சியை விட்டுவிட்டுத் தூங்குங்கள். சைக்கிளை மாலையில் மிதிக்கலாம்.

ஏழாம் படி: மறுபடி ஓடத் தொடங்குவது

எந்த நாளில் தொடங்குவது என்பதைக் காலே சொல்லும். கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு கால்களுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. தொடர்ந்து ஐந்து நாளாவது நடையில் வலி இருந்திருக்கக் கூடாது. அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிய வேண்டும். ஒற்றைக் காலில் இருபத்தைந்து முறை குதிகால் உயர்த்தவும், பத்து முறை நொண்டியடிக்கவும் முடிய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு வாரம் பொறுங்கள். அழுத்த முறிவு என்று உறுதியானவர்கள் மருத்துவரின் அனுமதியோடுதான் தொடங்க வேண்டும்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மண் தரையில், ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஏழு முறை. இரண்டாம் வாரம் இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. மூன்றாம் வாரம் ஐந்து நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாக நான்கு முறை. நான்காம் வாரம் இருபது நிமிடம் நிற்காமல் மெல்லோட்டம். இதைப் படிக்கும்போது ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். மூச்சும் தசையும் சைக்கிளால் தயாராக இருக்கும், எலும்பு மட்டும் பின்தங்கியிருக்கும். அதற்காகத்தான் இந்த ஆமை வேகம்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு அன்று இரவும் மறுநாள் காலையும் கட்டைவிரல் சோதனையைச் செய்யுங்கள். பத்துக்கு இத்தனை என்று வலிக்கு மதிப்பெண் போட்டுக் குறித்து வையுங்கள். ஓடும்போது இரண்டுக்கு மேல் போனாலோ, மறுநாள் காலையில் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ இரண்டு நாள் நிறுத்தி, முந்தைய வாரத்துப் படிக்குத் திரும்புங்கள். ஒருமுறை பின்வாங்குவது வழக்கமாக நடப்பதுதான். மூன்று முறை பின்வாங்கினால் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.

இருபது நிமிட ஓட்டம் வலியின்றி முடிந்த பிறகுதான் வேகம். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. முதலில் நேர்கோட்டில் 100 மீட்டர் ஸ்டிரைட்ஸ் (மெதுவாகத் தொடங்கிச் சீராக வேகம் கூட்டும் குறு ஓட்டம்) நாலைந்து, பிறகு வளைவோடு சேர்ந்த 200, 300. தடகள ஓட்டம் எப்போதும் இடப்பக்கமாகவே வளைவதால் இரு கால்களிலும் சுமை ஒரேபோல் விழுவதில்லை. மெல்லோட்டத்தை ஒருநாள் எதிர்த்திசையில் ஓடுங்கள். ஸ்பைக்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. குதிகால் மெத்தை இல்லாத அந்தக் காலணியை முதல் நாள் இரண்டு ஸ்டிரைட்ஸுக்கு மட்டும் அணிந்துவிட்டுக் கழற்றிவிட வேண்டும்.

எட்டாம் படி: ஓடுவதா வேண்டாமா

போட்டிக்கு முந்தைய பத்து நாளில், போட்டி வேகத்தில் இரண்டு பயிற்சிகளை முடித்து, இரண்டுக்கும் மறுநாள் காலையில் எலும்பில் வலி இல்லையென்றால் ஓடலாம். ஒன்றைத்தான் முடித்தீர்கள் என்றால் பெயரைக் கொடுக்காதீர்கள். 800, 1500 இரண்டிலும் பெயர் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தகுதிச் சுற்றும் இறுதியும் ஒரே நாளில் வந்துவிடுவதும் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடலாமா என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். வலியை மறைத்தால் கீறல் எங்கே முறிவாகிறது என்பது தெரியாமல் போகும். வெயிலில் நீர் வற்றிய உடலில் இப்யூபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் தீங்கு. ஊசி போடச் சொல்பவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த குளுக்கோகார்ட்டிகாய்டு ஊசிகள் எந்த இடத்தில் போட்டாலும் 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையால் தடைசெய்யப்பட்டவை. டிரமடால் என்ற வலி மருந்து 2024 ஜனவரி முதல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ‘டாக்டர் கொடுத்தார், எனக்குத் தெரியாது’ என்ற பதில் எடுபடாது. உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. மருந்துச் சீட்டு எழுதும் முன்பே ‘நான் போட்டிகளில் ஓடுகிறேன்’ என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பருவமே போய்விட்டது என்று அழுகிற பிள்ளையிடம் நான் நீரஜ் சோப்ராவின் கணக்கைச் சொல்வது வழக்கம். 2019 மே மாதம் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவர், அந்த ஆண்டு தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியை விட்டுவிட்டார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். டோக்கியோவில் தங்கம் வென்றது 2021 ஆகஸ்ட் 7இல். எட்டு மாதம் கையைத்தானே காத்தார், நமக்குக் கால் என்று கேலி செய்வான் ஒரு பையன். போகட்டும், கணக்கு அதேதான்.

பருவம் முடிந்த பிறகு

ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டத்தை முழுதாக நிறுத்தாமல் இருந்தால் ஜூனில் திடீர் ஏற்றம் தேவைப்படாது. வாரத்துக்கு மூன்று நாள், வெயிலுக்கு முன், இருபது முப்பது நிமிடம் போதும். குதிகால் உயர்த்தலை வாரத்துக்கு இரண்டு நாள் தொடருங்கள். ஜூனில் முதல் இரண்டு வாரம் ஒருவேளைப் பயிற்சிதான், மாலைப் பயிற்சி மூன்றாவது வாரத்திலிருந்து. நான்காவது வாரத்தில் கூட்டாமல், கொஞ்சம் குறையுங்கள். பழைய ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, ஒருபக்கக் குதிகால் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அதைப் பள்ளிக்கு நடக்க வைத்துக்கொண்டு, ஓடுவதற்கு வேறு வாங்குங்கள். மழையில் மைதானம் சேறானால் அன்று தார்ச்சாலைக்குப் போகாமல் சைக்கிளை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்காரும்போது கட்டைவிரலை எலும்பின் உள்விளிம்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.